எட்டுப் பக்கங்களுக்கு நான்கு வரி

திவ்யா,

திங்கட்கிழமை காலை நீ போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "எந்தப் பக்கம் ப்பா?" பதில் சொல்ல வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. நீ மறுபடியும் கேட்டாய். அப்போதும் இருமினேன். பிறகு நீயே சொன்னாய்: "சரி, வாயால சொல்ல முடியலன்னா எழுதுங்க. எத்தன பக்கம் வேணும்னாலும் எழுதுங்க. ஆனா புக்குக்கு எழுதாதீங்க. எனக்கு எழுதுங்க." அதோடு வைத்துவிட்டாய். இன்று புதன். வெள்ளிக்கிழமை மத்தியானம் உன் அம்மாவின் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் நீ முடிவு எடுக்க வேண்டும். அதனால் விடிந்ததும் முதல் வேலையாக உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நீ யாருக்குக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. உன் வீட்டுக்காரர் அலெக்ஸ் படிக்கட்டும், பதிப்பகத்து ஜெசிந்தா படிக்கட்டும், நாளைக்கு நீ இதை ஒரு பத்திரிகையில் போட்டாலும் போடு. அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

உன் அம்மா புஷ்பம் நான்கு வருஷம் டயாலிசிஸ் செய்துகொண்டாள். திங்கள், புதன், வெள்ளி காலையில் கிள்ளானில் இருக்கும் அந்த மையத்தில் அவளை இறக்கிவிட்டு, நான் எதிரே இருந்த கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். நான்கு மணி நேரம். இடது கை மெஷினோடு கட்டியிருக்கும். வலது கை சும்மா இருக்கும். மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் பள்ளி நோட்டு ஒன்றை வைத்து என்னவோ எழுதிக்கொண்டிருப்பாள். ஸ்ரீராமஜெயம் எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள்கூட எடுத்துப் பார்க்கவில்லை. முப்பது வருஷம் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்தியவன் நான், தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன், என் வீட்டில் இருந்த நோட்டைத் திறக்கவில்லை.

அவள் போன பிறகு ஏழு நோட்டுகள் கிடைத்தன. டெங்கில் ரப்பர் தோட்டத்தில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண் எழுதியது. பக்கத்து மெஷினில் இருப்பவர்களைப் பற்றி, உப்பில்லாத கஞ்சியைப் பற்றி, உன்னைப் பற்றி, என்னைப் பற்றி. "தண்ணி கொஞ்சமாத்தான் குடிக்கணும்னு சொல்லிட்டாங்க. ஐஸ் கட்டி ஒண்ண வாயில போட்டுக்கிட்டு டெங்கில் ஆத்த நினைச்சுக்குவேன்" என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறாள். நீ அந்த ஏழு நோட்டையும் பூச்சோங்கில் உன் வீட்டில் உட்கார்ந்து, வேலை முடிந்து வந்த அலுப்போடு, ஒரு எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தாமல் தட்டச்சு செய்தாய். இரண்டு வருஷம் ஆனது. பிரிக்பீல்ட்ஸில் சேலைக்கடைக்கு மேல்மாடியில் பதிப்பகம் வைத்திருக்கும் ஜெசிந்தா அதைப் படித்துவிட்டு உடனே போடுகிறேன் என்றாள். அப்போதுதான் நீ என்னிடம் வந்தாய். "முன்னுரை நீங்கதான் ப்பா எழுதணும். ஊருல எல்லாருக்கும் எழுதினீங்க."

உண்மைதான். இந்த ஊரில் ஒரு கவிதைத் தொகுப்பு வந்தால், ஒரு கோயில் மலர் வந்தால், முன்னுரைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். பதினைந்து பக்கத்துக்குக் குறைந்து நான் எழுதியதில்லை. புத்தகம் மெலிந்திருந்தால் என் முன்னுரை அதைக் கொஞ்சம் தடிமனாக்கும் என்று அவர்களும் சந்தோஷப்படுவார்கள். உன் அம்மா அவற்றையெல்லாம் படிப்பாள். ஒருமுறை தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்க எழுதினத படிச்சா அதுக்கப்புறம் புக்க படிக்கவே தோண மாட்டேங்குதுங்க." அதைப் பாராட்டு என்று நினைத்து நான் நண்பர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் என்ன நினைத்துச் சொன்னாள் என்பது இப்போது புரிகிறது. இன்னொருவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து நானே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் அம்மாவின் புத்தகத்துக்கு நாற்பத்தோரு பக்கம் எழுதினேன். போன வியாழக்கிழமை கொமியூட்டர் ரயில் பிடித்து கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, வெயிலில் நடந்து ஜெசிந்தாவின் ஆபீசுக்குப் போனேன். அவள் முன்பே மின்னஞ்சலில் வாங்கிப் படித்து, அச்செடுத்து மேஜைமேல் வைத்திருந்தாள். என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பிறகு கேட்டாள்.

"சார், கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"புக்கே நூத்தி இருவது பக்கம்தான். இது நாப்பத்தொன்னு. அதுகூடப் பரவால்ல லா. அவங்க இதுல பதினொன்னாவது பக்கத்துலதான் வராங்க."

நான் சொன்னேன், பின்னணி தெரியாமல் வாசகருக்குப் புரியாது, தோட்டத்து வாழ்க்கை, நம் பெண்களின் கல்வி, எல்லாம் சொல்லித்தானே வர வேண்டும் என்று. அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அவளுடைய தந்தை ரயில்வேயில் வேலை பார்த்தவர், அந்தத் தெருவிலேயே ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள், என்னைப் போன்ற பெரிய மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறாள். "அது எல்லாமே அவங்க எழுத்துலயே இருக்கு சார். தோட்டம் இருக்கு, ஸ்கூல் இருக்கு, ஏன் நின்னாங்கன்னு இருக்கு. நீங்க சொல்றத விட நல்லா இருக்கு, சாரி." பிறகு என் முன்னுரைத் தாள்களிலிருந்து ஒன்றை உருவி எடுத்தாள். "முன்னுரை வேணுமா வேணாமான்னு யார் கேட்டாலும் நான் ஒண்ணுதான் கேப்பேன். இது இல்லாம படிச்சா, படிக்கிறவங்க எங்கயாச்சும் தப்பா புரிஞ்சுக்குவாங்களா? ஆமான்னா, அந்த ஒரு விஷயத்த மட்டும் எழுதுங்க. அது முடியற எடத்துல முன்னுரையும் முடிஞ்சிரணும். இல்லன்னா முன்னுரையே வேணாம்."

"அப்படி ஒரு விஷயமும் இல்லை" என்றேன். என் குரல் எனக்கே சரியாகப் படவில்லை.

அவள் உருவி எடுத்த தாள் இருபத்தாறாம் பக்கம். அதில் ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தாள். "இது மட்டும் எனக்கு வெளங்கல சார். 'மருத்துவக் காரணங்களால் என் சிறுநீரகத்தை அவளுக்கு வழங்க இயலாமற்போயிற்று.' என்ன காரணம்? இத சொல்றீங்கன்னா காரணத்தையும் சொல்லணும். சொல்ல மாட்டீங்கன்னா இத எடுத்துரலாம்." தாளை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பார்க்கிறேன் என்றேன். அவள் புத்தகத்தின் இறுதிப் படியையும் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தாள். கடைசியில் நீ எழுதிய பின்குறிப்பும் அதில் இருக்கிறது, நீங்கள் இன்னும் படிக்கவில்லையே, படித்துப் பாருங்கள் என்றாள்.

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. உன் பின்குறிப்பை எடுத்தேன். மூன்று பக்கம்தான். எனக்கு நீ எழுதத் தெரிந்த பிள்ளை என்று பெருமையாக இருந்தது. இரண்டாம் பக்கத்தின் அடியில் வந்தேன். நீ எழுதியிருந்தாய்: "என் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று சொன்னபோது அம்மா 'வேணாம்' என்று ஒரே வார்த்தையில் மறுத்தார். என் திருமணத்தால் வந்த கோபம் அவருக்குக் கடைசி வரை தீரவில்லை என்றே நினைக்கிறேன். என்னிடமிருந்து எதையும் வாங்க அவர் விரும்பவில்லை. ஏழு நோட்டிலும் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை." ரயில் ஷா ஆலம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் அந்தப் பத்தியை மறுபடி மறுபடி படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மலாய்க்காரப் பெண் என் முகத்தைப் பார்த்து, "அங்கிள், ஓகே கா?" என்று கேட்டாள். ஓகே என்றேன்.

எழுதியிருந்தாள், திவ்யா. ஒரு வரி இல்லை, எட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். நான்தான் எரித்தேன்.

இப்போது நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீ அலெக்ஸைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்தபோது, கோயிலில் தாலி கட்டவில்லையே என்று அம்மா உன்னோடு ஐந்து மாதம் பேசவில்லை. அதற்கு அடுத்த வருஷம் அவள் டயாலிசிஸில் விழுந்தாள். அதற்கும் அடுத்த வருஷம், வீட்டில் யாராவது சிறுநீரகம் தர முடியுமா என்று மருத்துவமனையில் கேட்டார்கள். நான் தருகிறேன் என்றேன். எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். பரிசோதனைகள் நடந்தன. இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஒவ்வொரு தடவையும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொன்னார்கள். அவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லச் சொல்ல எனக்குள் ஏதோ சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியாக, தருகிறவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள். இளம் பெண் ஒருவர், தமிழ்ப் பெண்தான், மிகவும் மரியாதையாகப் பேசினார். "அங்கிள், யாரும் உங்கள வற்புறுத்தலையே? உங்களுக்கு முழுசா விருப்பம்தானா? இல்லன்னாலும் பரவால்ல. வீட்டுல காரணம் எதுவும் நாங்க சொல்ல மாட்டோம். பொருந்தலன்னு மட்டும் சொல்லிக்கலாம்."

விருப்பம் இல்லை என்றேன்.

என் முன்னுரையில் இதற்கு ஒன்பது பக்கம் காரணம் எழுதி, பிறகு அழித்துவிட்டு, 'மருத்துவக் காரணங்கள்' என்ற இரண்டு சொல்லை வைத்தேன். அந்த ஒன்பது பக்கத்தில் என் வயது இருந்தது, என் முதுகுவலி இருந்தது, இரண்டு பேரும் படுத்துவிட்டால் யார் பார்ப்பது என்ற கேள்வி இருந்தது. உனக்கு அவற்றைச் சொல்லப் போவதில்லை. பயந்தேன். கத்தியை நினைத்துப் பயந்தேன், மயக்க மருந்தை நினைத்துப் பயந்தேன், கண் விழிக்காமல் போய்விடுவேனோ என்று பயந்தேன். அவ்வளவுதான். அறையை விட்டு வெளியே வந்தபோது என் தோளில் இருந்து ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. அதையும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் "இரத்தம் சேரலையாம்" என்றேன். அவள் "அப்படியா" என்றாள். உன்னிடமும் அதையே சொன்னேன். மறுவாரமே நீ வந்து நான் தருகிறேன் என்று நின்றாய். அவள் வேண்டாம் என்றாள். நீ செருப்பின் வாரைக்கூட மாட்டாமல் வாசலில் இறங்கிப் போனாய். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அவள் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், உறவுக்காரர்கள் கூடத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், டயாலிசிஸுக்கு எடுத்துப் போகும் அவள் பையைத் திறந்தேன். போர்வை, காலுறை, நோட்டுகள். முதல் நாலு நோட்டை நின்றபடியே புரட்டினேன். ஐந்தாவது நோட்டுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதன் நடுவில் அந்த எட்டுப் பக்கம் இருந்தது. மூன்று தடவை படித்தேன். பிறகு பின் கம்பியை நகத்தால் நிமிர்த்தி, நடுவில் இருந்த இரண்டு தாளையும் முழுசாக உருவினேன். நடுத்தாள் என்பதால் சுவடே இல்லை. கம்பியை மறுபடி மடக்கிவிட்டேன். சமையலறைத் தொட்டியில் வைத்துக் கொளுத்தி, சாம்பலில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். உன் சித்தி எழுந்து வந்து என்ன வாடை என்று கேட்டாள். சூடம் என்றேன். உனக்கு நோட்டுகளைக் கொடுத்து ஒரு மாதம் கழித்து நீ கேட்டாய்: "அஞ்சாவது நோட்டுல ரெண்டு வாரம் அம்மா எழுதவே இல்ல ப்பா, ஏன்?" அப்போது அவளுக்குக் காய்ச்சல் என்றேன். யோசிக்கக்கூட இல்லை, அத்தனை சுலபமாக வந்தது.

இதுதான் நீ கேட்ட கேள்விக்குப் பதில். ஐந்தாம் நோட்டு, நடுவில் எட்டுப் பக்கம்.

அதில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். ஆனால் ஒன்று. மூன்று வருஷமாக இதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சாதகமாக எங்கேயாவது நான் தேய்த்திருக்கலாம், எனக்கே தெரியாமல். அதனால்தான் இதைப் புத்தகத்தில் அவள் எழுத்து என்று போட எனக்கு உரிமை இல்லை. இந்தக் கடிதத்தில் சொல்கிறேன், என் நினைவு என்றே எடுத்துக்கொள்.

"இவரு வந்து ரத்தம் சேரலன்னு சொன்னாரு. சொல்றப்ப என் மூஞ்சிய பாக்கல, ஃபேன பாத்தாரு" என்று ஆரம்பித்திருந்தாள். அலமாரியில் என் இரத்த தானப் புத்தகம் இருக்கிறதே, அதை எடுத்துப் பார்த்திருக்கிறாள். "O-ன்னு போட்டிருக்கு. O எல்லாருக்கும் சேரும்னு பக்கத்து மெஷின் அக்கா சொன்னாங்க. நான் இவருகிட்ட கேக்கல. ஸ்கூல்ல ரத்த தானம் நடக்குறப்ப எல்லாம் என்னையும் கூட்டிக்கிட்டு போவாரு. ஊசி குத்துறப்ப என் கைய புடிச்சுக்குவாரு. பெரிய சாருக்கு ஊசின்னா பயம்னு அங்க யாருக்கும் தெரியாது." இப்படி ஒரு பக்கம். உன் அம்மா என்னைப் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டாள் என்று நினைக்காதே. அடுத்த பக்கத்திலேயே இருந்தது: "கோவம் இருக்கு. சோறு போடுறப்ப இருக்கு. துணி மடிக்கிறப்ப இருக்கு. நேத்து அவரு ஊதா சட்டைய அயர்ன் பண்றப்ப வேணும்னே காலர தீச்சிட்டேன். கை தவறிடுச்சுன்னு சொன்னேன்." அந்தச் சட்டையை எனக்கு நினைவிருக்கிறது. கவனம் எங்கே போச்சு என்று அன்றைக்கு அவளைத் திட்டினேன். மெஷினில் நான்கு மணி நேரம் கிடந்துவிட்டு வந்தவளை.

பிறகு உன்னைப் பற்றி. இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும், நீ இதற்காகத்தான் கேட்டாய்.

"திவ்யா வந்து தரேன்னு நின்னிச்சு. வேணாம்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டேன். ரெண்டாவது வார்த்த பேசியிருந்தா அழுதுருப்பேன். அந்த புள்ள நான் கோவத்துல சொல்றேன்னு நினைச்சுக்கிட்டு போவுது. அது கட்டிக்கிட்ட பையன் நல்ல பையன். அஞ்சு மாசம் நான் பேசாம இருந்தது தப்பு. அத சொல்லவும் வாய் வரல." இதற்குக் கீழே ஒரு கோடு போட்டிருந்தாள். கோட்டுக்குக் கீழே: "அதுகிட்ட வாங்கிக்கிட்டா, அப்பா ஏன் குடுக்கலன்னு ஒரு நாள் கேக்கும். குளிக்கிறப்ப எல்லாம் அந்த தழும்ப பாக்கும். பாக்குறப்ப எல்லாம் அவர நினைக்கும். அப்பன வெறுத்துரும். எனக்கப்புறம் அதுக்கு அவருதான இருக்காரு."

அவள் உன்னை மறுக்கவில்லை, திவ்யா. என்னை உனக்காக வைத்துவிட்டுப் போக நினைத்தாள். வாங்கியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை, கேட்கவும் பயம். ஆனால் அவள் என்ன செய்தாள், ஏன் செய்தாள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உனக்கு இருந்தது. அதைத்தான் தொட்டியில் போட்டுக் கொளுத்தினேன். நான் பயந்து மறுத்ததைக்கூட ஒரு மனிதனின் பலவீனம் என்று நீ ஒரு நாள் நினைக்கக்கூடும். இதற்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. மூன்று வருஷமாக உன் அம்மா உன்னை வெறுத்தாள் என்று நம்பிக்கொண்டு, அவள் எழுத்தை நீ ராப்பகலாகத் தட்டச்சு செய்தாய். உன் வீட்டுக்கு வந்த நாட்களில் உனக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன்.

வியாழக்கிழமை ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஜெசிந்தாவின் கேள்வி மட்டும்தான் நினைவில் இருந்தது. படிக்கிறவர்கள் எங்கேயாவது தப்பாகப் புரிந்துகொள்வார்களா? ஆமாம். புத்தகத்தைத் தொகுத்தவளே தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். அப்படியானால் இந்தப் புத்தகத்துக்கு முன்னுரை வேண்டும். என்னைத் தவிர வேறு யாராலும் அதை எழுத முடியாது. நாற்பத்தோரு பக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். மறுநாள் ஏழு பக்கம் ஆனது. அதில் ஐந்து பக்கம் 'ஆனால்' என்று ஆரம்பித்தது. கிழித்தேன். சனிக்கிழமை ஒரு பக்கம் வந்தது. அதில் என் வருத்தத்தைப் பற்றி அழகாக எழுதியிருந்தேன். படிக்கிறவர்கள் என்மேல் இரக்கப்படுவார்கள். அதையும் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நான்கு வரி மிஞ்சியது. உனக்கு முதலில் அனுப்பியிருக்க வேண்டும். தைரியம் இல்லாமல் ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன். அவள் படித்துவிட்டு, "சார், இத திவ்யாகிட்ட காட்டாம நான் தொடவே மாட்டேன்" என்று ஒரு குறுஞ்செய்தி போட்டாள். அவள் செய்தது சரி. நீ இப்படி ஒரு செய்தியை இன்னொருவர் மூலம் தெரிந்துகொண்டதற்கும் நானே காரணம். ஜெசிந்தா அனுப்பி உன்னிடம் இருப்பது இதுதான், மறுபடி எழுதுகிறேன்:

"இந்த நோட்டுகளில் எட்டுப் பக்கங்கள் இல்லை. அவற்றை எழுதியவரின் கணவனாகிய நான் உருவி எரித்துவிட்டேன். நான் சிறுநீரகம் தர மறுத்ததையும், மகள் தர முன்வந்ததை அவர் அன்பினால் மறுத்ததையும் அவற்றில் எழுதியிருந்தார். நோட்டுகளைத் தொகுத்த மகளுக்கு இது தெரியாது."

இனி முடிவு உன்னுடையது. இந்த நான்கு வரியை அப்படியே போடலாம். என் பெயரைப் போட்டுப் போடு, அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஊரில் என்ன பேசுவார்கள் என்று உனக்காக நான் கவலைப்படுவது போல நடிக்கப் போவதில்லை, அது எனக்கான கவலை, அதை நானே பார்த்துக்கொள்கிறேன். அப்பாவின் பெயர் உன் அம்மாவின் புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருப்பதே உனக்குப் பிடிக்கவில்லை என்றால், அதை எடுத்துவிட்டு உன் பின்குறிப்பில் உன் வார்த்தையில் எழுது. முன்னுரையே இல்லாமல் விட்டாலும் விடு. அவள் முதல் வரியிலேயே புத்தகம் தொடங்கட்டும், அது தாங்கும். வெளியீட்டை நிறுத்திவைத்தாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டேன், என்னிடம் எதுவும் கேட்க வேண்டாம், உன்னைத்தான் கேட்க வேண்டும் என்று. ஒன்று மட்டும். நீ எதைச் செய்தாலும், உன்னிடமிருந்து எதையும் வாங்க அம்மா விரும்பவில்லை என்ற வரி அச்சில் போகக் கூடாது. அது பொய். உனக்குத் தெரியாமல் உன்னை எழுத வைத்த பொய்.

உனக்கு நான் அறிவுரை சொல்லித்தான் பழக்கம். இதில் ஏதாவது இருந்தால் இவ்வளவுதான் இருக்கும்: யாராவது உன்னிடம் ஒரு விஷயத்துக்கு ரொம்ப நீளமாக முகவுரை சொன்னால், அவர் எதைத் தாண்டிப் போகிறார் என்று பார். முக்கியமாக அது நானாக இருந்தால்.

இதைத் தபாலில் போட மாட்டேன். நாளை காலை முதல் பஸ் பிடித்துப் பூச்சோங் வருகிறேன். நீ வேலைக்குக் கிளம்பும்போது கீழே காவலாளி உட்காரும் கார்டு ஹவுஸ் பக்கத்தில் இருக்கும் அந்த சிமென்ட் பெஞ்சில் இருப்பேன். உன் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்வேன். மேலே கூப்பிட வேண்டாம், தண்ணீர் கொடுத்தனுப்ப வேண்டாம், அலெக்ஸை அனுப்பி வைக்கவும் வேண்டாம். நீ எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் சரி. இறங்கி வந்து என்னைத் திட்டினால், ஒரு வார்த்தை பதில் பேசாமல் கேட்பேன். இறங்கி வராமலே நீ கார் எடுத்து வேலைக்குப் போனால், சாயங்காலம் திரும்பி வரும்போதும் நான் அங்கேதான் இருப்பேன்.

அப்பா